பார்க்க வேண்டிய ஏழாவது இடம்

ஸ்டமாடிஸ் செத்து முப்பத்தைந்தாம் நாள், அவன் மனைவி செவஸ்தி ஐந்து கிலோ கோதுமை வாங்கினாள்.

"அஞ்சு கிலோவா?" என்றாள் கடைக்காரி, தராசைப் பார்த்தபடி. "யாரு வந்து சாப்பிடப் போறா?"

குத்திக் காட்டத்தான் கேட்டாள். ஆனாலும் கேள்வியில் தப்பில்லை. நாற்பதாம் நாள் பூசைக்குக் கோதுமையை அவித்து, திராட்சையும் பாதாமும் சர்க்கரையும் கலந்து கோலிவா செய்ய வேண்டும். பாதிரியார் ஜெபித்ததும் அதை ஊருக்குப் பொட்டலம் பொட்டலமாகக் கொடுக்க வேண்டும். வாங்குகிற ஒவ்வொருவரும் 'ஆண்டவன் அவரை மன்னிக்கட்டும்' என்று சொல்லிவிட்டு வாயில் போட வேண்டும். நாற்பது நாளாக வீட்டைச் சுற்றிக்கொண்டிருக்கும் ஆவி, அத்தனை பேரின் மன்னிப்பையும் வாங்கிக்கொண்டு மேலே கிளம்பும். ஸ்கிந்தாராத் தீவில் இது பச்சைக் குழந்தைக்கும் தெரியும். ஸ்டமாடிஸை மன்னிக்க அந்தத் தீவில் ஓர் ஆள் கிடையாது என்பதும் அதே குழந்தைக்குத் தெரியும்.

மூன்றாம் நாள் பூசைக்கும் ஒன்பதாம் நாள் பூசைக்கும் வந்தது மொத்தம் மூன்று பேர். பாதிரியார், கோயில் பாடகர், செவஸ்தி. பாடகருக்குக் காது மந்தம். யாருக்காகப் பாடுகிறோம் என்று அவருக்கு யாரும் சொல்லவில்லை. அடக்கத்தன்று பெட்டி தூக்க ஆளில்லை. ஊர் ஆண்கள் அத்தனை பேருக்கும் ஒரே நாளில் இடுப்பு பிடித்துக்கொண்டது. துறைமுகத்தில் ஹோட்டல் கட்ட வந்திருந்த அல்பேனியக் கொத்தனார்கள் நாலு பேர்தான் தூக்கினார்கள். ஆள் கனமாக இருந்தான் என்பதைத் தவிர அவர்களுக்கு அவன்மேல் வேறு குறையில்லை.

ஊர் அப்படிக் கறுவிக்கொண்டு திரிந்ததற்குக் காரணம் இருந்தது. ஸ்கிந்தாராவில் பார்க்கத்தக்கதாக ஆண்டவன் ஒன்றே ஒன்றைத்தான் படைத்தான். அது பொன்மணல் என்ற கடற்கரை. மீதித் தீவைக் கல்லையும் முள்ளையும் வைத்து ஒப்பேற்றிவிட்டான். அந்தக் கடற்கரைக்கு இறங்கும் ஒரே பாதை செவஸ்தியின் அப்பா நிலத்தின் வழியாகப் போயிற்று. அவர் இருந்த காலத்தில் ஊரே அந்த வழியாகப் போய் வந்தது. பெரிய வெள்ளிக்கிழமை இரவு, ஏசுவின் பூப்பாடையை அந்தப் பாதையில்தான் சுமந்துகொண்டுபோய்க் கடலில் முழங்கால் ஆழத்தில் நிறுத்தி ஜெபிப்பார்கள். பிறகு செவஸ்திக்குக் கல்யாணம் ஆயிற்று. நிலம் சீதனமாக ஸ்டமாடிஸ் பேருக்கு மாறியது. மாறி ஒன்பது வருஷம் சும்மா இருந்தவன், ஒரு கோடையில் பாதையோரம் யாரோ போட்டுவிட்டுப் போன தர்பூசணித் தோல் ஒன்றைப் பார்த்தான். அடுத்த வாரம் ஆள்மட்டத்துக்குச் சுவர் எழும்பியது. நடுவில் இரும்புக் கேட். கேட்டில் பூட்டு.

ஊர் கோர்ட்டுக்குப் போனது. "கடற்கரை ஊர்ச்சொத்து, நான் தடுக்கல. பாதை என் சொத்து. படகுல போங்க" என்றான் ஸ்டமாடிஸ். கோடை முழுக்க வடகாற்று பேயாக வீசும் அந்தக் கரையில் படகை ஒதுக்குவது, மாமியார் வாயில் சிரிப்பை வரவைப்பதைவிடக் கஷ்டம். நாலு தடவை வழக்குப் போட்டார்கள். நாலு தடவையும் அவன் ஜெயித்தான். இருபத்திரண்டு வருஷமாக ஏசுவின் பாடை கடலையே பார்க்காமல் ஆட்டுப்பட்டி வழியாக முள்ளில் கால் குத்திக் குத்திச் சுற்றிக்கொண்டு வருகிறது. இந்த ஒன்றை மட்டும் ஊரால் ஜீரணிக்கவே முடியவில்லை.

இத்தனையிலும் ஊர் கண்டுகொள்ளாத விஷயம் ஒன்று உண்டு. அந்தக் கேட்டின் சாவி ஸ்டமாடிஸ் கழுத்தில் ஞானஸ்நானச் சிலுவையோடு சேர்த்துத் தொங்கியது. குளிக்கும்போதும் கழற்ற மாட்டான். செவஸ்தி அந்தப் பக்கம் போய் ராணி மாதிரி தனியாக நீந்திவிட்டு வருவதாகத்தான் ஊரில் பேச்சு. அவள் அதை மறுத்துச் சொன்னதில்லை. தன் அப்பா நிலத்துக்குள் போகத் தனக்கே வழியில்லை என்று வெளியே சொல்ல வெட்கமாக இருந்தது. பத்து வயதில் பாறையிலிருந்து தலைகீழாகப் பாய்ந்தவள், அந்தத் தண்ணீரில் கால் நனைத்து இருபத்திரண்டு வருஷம் ஆகிறது. அலைச் சத்தம் மட்டும் சமையலறை ஜன்னலுக்கு வரும். அதற்குப் பூட்டுப் போட ஸ்டமாடிஸுக்கு வழி தெரியவில்லை.

சாகும் முன் அவளைப் பக்கத்தில் கூப்பிட்டான். மாதாவின் படத்தை எடுத்து அவள் கையில் வைத்தான்.

"சத்தியம் பண்ணு. என் ஆவி இந்த மண்ணைச் சுத்திக்கிட்டு இருக்கிற வரைக்கும் அந்தக் கேட்டைத் திறக்கக் கூடாது."

"நாப்பது நாள்தானே," என்று மனதுக்குள் நினைத்துக்கொண்டு அவள் சத்தியம் செய்தாள். அவன் சிரித்தான். வருஷக்கணக்காகச் சிரிக்காத ஆள். அந்தச் சிரிப்பின் அர்த்தம் ஒன்பதாம் நாள் காலிக் கோயிலில் நின்றபோதுதான் அவளுக்கு உறைத்தது. ஊரில் ஒருவன் வாயிலிருந்தும் மன்னிப்பு வராது, மன்னிப்பு வராத ஆவி மேலே போகாது, ஆவி போகாதவரை கேட் திறக்காது. பாவி, செத்த பிறகு நடக்க வேண்டியதையும் கணக்குப் போட்டு வைத்துவிட்டுத்தான் செத்திருக்கிறான்.

மாதா மேல் செய்த சத்தியத்தை மீற ஸ்கிந்தாராவில் யாருக்கும் தைரியம் வராது. செவஸ்திக்கும் வரவில்லை. வேறு பயமும் இருந்தது. மேலே போகாத ஆவி எங்கே போகும்? வீட்டுக்குத்தான் வரும். முப்பத்தொரு வருஷம் அவனோடு குப்பை கொட்டியது போதும் என்று அவளுக்கு இருந்தது.

கோதுமைப் பையோடு நேராகச் சதுக்கத்துக் காபிக்கடைக்குப் போனாள். கடைக்காரன் லாம்ப்ரோஸ், ஸ்டமாடிஸின் சித்தப்பா மகன். நாலு வழக்கையும் முன்னால் நின்று நடத்தியவன், நாலிலும் தோற்றவன்.

"தம்பி, ஞாயித்துக்கிழமை நாப்பதாம் நாள். நீ வந்தா ஊரு வரும். வந்து ஒரு வாய் சாப்பிட்டுச் சொல்லிடுங்க. மறுநாளே கேட்டைத் திறந்துடறேன்."

லாம்ப்ரோஸ் காபிக் கிண்ணங்களைத் துடைத்துக்கொண்டே இருந்தான். "முதல்ல கேட்டைத் திறங்க அண்ணி. அப்புறம் வந்து சாப்பிடறோம்."

"திறக்கக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிட்டாருப்பா. அவரு போனாத்தான் திறக்க முடியும். நீங்க சொன்னாத்தான் அவரு போவாரு."

"ஓகோ!" என்றார் மூலையில் வலை பின்னிக்கொண்டிருந்த மீன்காரர் கோஸ்மாஸ். "கோர்ட்டுல நாலு தடவை ஏமாத்தினான். இப்ப பரலோகத்துல அஞ்சாவது கேஸா?"

"உங்களுக்கென்ன அண்ணி, அந்தப் பக்கம் போயி குளிச்சுக்கிட்டு ஜம்முனு இருக்கீங்க," என்றான் லாம்ப்ரோஸ். "அவன் போகலைன்னா எங்களுக்கு என்ன? சுத்தட்டும். காத்து வாங்கட்டும்."

செவஸ்தி வாய் வரை வந்ததை விழுங்கிவிட்டு வெளியே வந்தாள்.

வெளியே நகராட்சிப் படிக்கட்டில் டனாயி தலையில் கை வைத்து உட்கார்ந்திருந்தாள். இருபத்தெட்டு வயது. ஏதென்ஸில் சுற்றுலாப் படிப்புப் படித்துவிட்டுச் சொந்த ஊருக்குச் சேவை செய்யத் திரும்பிய பைத்தியக்காரி. தீவின் சுற்றுலாத் துறை என்பது அவளும் ஒரு நாற்காலியும்தான். மடியில் ஒரு தாள்.

"என்னடி பொண்ணே, உனக்கு யாரு செத்தா?"

"நான்தான் சாகப் போறேன் அத்தை. ஞாயித்துக்கிழமை பக்கத்துத் தீவுலேர்ந்து உல்லாசப் படகு வருது. அறுபத்திநாலு பேரு. மூணு மணி நேரம். போன தடவை வந்தவங்க உங்க கேட்டைப் பார்த்துட்டுத் திரும்பிப் போயி புகார் எழுதிட்டாங்க. இந்தத் தடவையும் காட்ட ஒண்ணும் இல்லைன்னா படகே வராதாம்."

தாளை வாங்கிப் பார்த்தாள் செவஸ்தி. 'ஸ்கிந்தாராவில் பார்க்க வேண்டிய ஏழு இடங்கள்' என்று அழகான எழுத்தில் தலைப்பு. முதலாவது பொன்மணல், அதாவது, பூட்டிய கேட். இரண்டாவது வெனிஸ்காரர்கள் கட்டிய கோட்டை. ஒன்றரைச் சுவரும் ஓர் ஆடும் மிச்சம். ஆடு சொந்தக்காரன் அழைத்தால் போய்விடும். மூன்றாவது காற்றாலை. இறக்கைகள் போய் நாற்பது வருஷமாகிறது, உள்ளே லாம்ப்ரோஸின் பீர்ப் பெட்டிகள். நான்காவது அருங்காட்சியகம். புதன்கிழமை மட்டும், அதுவும் சாவி வைத்திருக்கும் அம்மாள் பிரேயஸில் மகள் வீட்டுக்குப் போகாமல் இருந்தால். ஐந்தாவது பழங்காலக் கல்வெட்டு. படித்துச் சொல்ல வந்த பேராசிரியர், அது எவனோ கொத்தன் உளி தீட்டிய தடம் என்று சொல்லிவிட்டுப் போனார். தீவு அதை மறைத்துவிட்டது. ஆறாவது சூரிய அஸ்தமனம். சூரியன் எல்லா ஊரிலும்தான் மறைகிறது. இங்கே மட்டும் அதற்கு ஓர் எண் கொடுத்து வைத்திருக்கிறார்கள். அதுவும் படகு மதியமே கிளம்பிவிடும். ஏழாவது இடத்துக்கு நேரே வெற்றிடம்.

செவஸ்தி அந்த வெற்றிடத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"எத்தனை மணிக்கு வராங்க?"

"ஒன்பதரைக்கு."

"பூசை தொடங்கறது பத்து மணிக்கு. அறுபத்திநாலு பேருன்னா சொன்னே? கொடுத்தா சாப்பிடுவாங்களா?"

"இலவசம்னா ஆணியைக்கூட மென்னு பார்ப்பாங்க அத்தை. எதுக்குக் கேக்கறீங்க?"

செவஸ்தி கோதுமைப் பையைப் படிக்கட்டில் வைத்தாள். "எழுதிக்க. ஏழாவது இடம். தீவின் பழம்பெரும் சடங்கு. இனிப்பு உண்டு."

டனாயி வாயைப் பிளந்தாள். பிறகு பேனாவைத் திறந்தாள். படித்தவள்தான் என்றாலும் ஊர்க்காரி. விஷயம் உடனே பிடிபட்டுவிட்டது.

யெராஸிமோஸ் பாதிரியாரிடம் சம்மதம் வாங்குவது அத்தனை சுலபமாக இல்லை. அவர் தாடியை மூன்று தடவை உருவினார்.

"அவங்கள்ல பாதிப் பேரு நம்ம சபையே இல்லையேம்மா. மீதிப் பாதிக்குக் கடவுளே இல்லை."

"ஐயாயிரம் பேருக்கு ரொட்டி கொடுத்தப்ப ஏசு ஞானஸ்நானச் சீட்டு கேட்டா கொடுத்தாரு ஃபாதர்?"

"அது ரொட்டி. இது மன்னிப்பு. செத்தவன் யாருன்னே தெரியாதவங்க மன்னிச்சா அது செல்லுமா?"

"தெரிஞ்சவங்க மன்னிக்க மாட்டேங்கிறாங்களே! தெரியாதவங்களாலதான் ஃபாதர் அவரை மன்னிக்க முடியும்."

பாதிரியார் இதற்கு வேதத்தில் மறுப்புத் தேடிப் பார்த்தார். கிடைக்கவில்லை. போன பெரிய வெள்ளிக்கிழமை ஆட்டுப்பட்டியில் தன் அங்கி முள்ளில் கிழிந்தது நினைவுக்கு வந்ததோ என்னவோ, "சரி, அரைக்கை சட்டை போட்டவங்களை வெளியில நிறுத்திடு" என்றார். ஜூலை மாதத்தில் அப்படி நிறுத்தினால் உள்ளே அவரும் பாடகரும்தான் இருப்பார்கள். செவஸ்தி தலையை ஆட்டிவிட்டு வந்தாள்.

சனிக்கிழமை கோதுமையை அவித்து வெள்ளைத் துணியில் உலர்த்தினாள். வறுத்த மாவும் பட்டையும் வால்நட்டும் கலந்து தட்டில் குவித்து, மேலே பொடிச் சர்க்கரையை மெத்தை போலப் பரப்பி மெழுகுத் தாளால் அழுத்திச் சமமாக்கினாள். வெள்ளிப் பாகு பூசிய பாதாமால் சிலுவையும் அவன் பெயரின் முதல் எழுத்தும் வைத்தாள். உயிரோடு இருந்தவரை ஒரு பாதாமை இன்னொருவன் வாயில் போட்டறியாதவன் தலைமேல் நூற்றுப் பன்னிரண்டு பாதாம். ஒன்று கோணலாக விழுந்தது. அதை எடுத்து அவளே தின்றாள்.

ஞாயிற்றுக்கிழமை படகு சொன்ன நேரத்துக்கு வந்தது. அறுபத்திநாலு தொப்பிகள் வரிசையாக இறங்கின. டனாயி ஒரு குடையை உயர்த்திப் பிடித்துக்கொண்டு முன்னால் நடந்தாள். கோட்டையைப் பார்த்தார்கள், ஆடு அன்றைக்கு லீவு. காற்றாலையைப் பார்த்தார்கள், ஒருவன் பீர்ப் பெட்டிகளைப் படம் எடுத்தான். பத்து மணிக்கு நிக்கோலாஸ் கோயில் வாசலில் வந்து நின்றார்கள்.

கோயில் வரலாற்றில் அப்படி ஒரு கூட்டத்தை ஈஸ்டரன்றுதான் பார்க்கலாம். பாடகருக்குக் காது கேட்காவிட்டாலும் கண் தெரியும். உற்சாகத்தில் இரண்டு பாட்டுக் கூடுதலாகப் பாடினார். மேசைமேல் கோலிவாத் தட்டு, மெழுகுவர்த்திகள், சட்டம் போட்ட ஸ்டமாடிஸின் படம். அவன் சிரித்தபடி இருக்கும் படம் தேடியபோது வீட்டில் ஒன்றே ஒன்றுதான் கிடைத்தது. கல்யாணத்தன்று எடுத்தது. சீதனப் பத்திரத்தில் செவஸ்தியின் அப்பா கையெழுத்துப் போட்ட கையோடு எடுத்த படம், ஆகவே மனம் நிறைந்த சிரிப்பு.

பூசை முடிந்ததும் முற்றத்தில் பொட்டலம் கொடுக்க ஆரம்பித்தாள் செவஸ்தி. டனாயி பக்கத்தில் நின்று சொல்லிக் கொடுத்தாள். வாங்கியதும் இதைச் சொல்ல வேண்டும், சொன்னால்தான் சாப்பிடலாம், இது மரபு. மரபு என்றதும் அறுபத்திநாலு பேரும் பள்ளிப் பிள்ளைகள் மாதிரி நிமிர்ந்தார்கள். 'ஆண்டவன் அவரை மன்னிக்கட்டும்' என்ற வார்த்தை ஒவ்வொரு வாயிலும் கை ஒடிந்து கால் ஒடிந்து வெளியே வந்தது. ஒருவன் சரியாகச் சொல்லும்வரை நாலு தடவை சொன்னான். செவஸ்திக்கு நாலும் லாபம்.

சதுக்கத்துக்கு அந்தப் பக்கம், காபிக்கடை வாசலில் ஊர் ஆண்கள் வரிசையாக உட்கார்ந்து இதைப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். வெளியூர்க் கூட்டம் வந்தால் லாம்ப்ரோஸ் கடையில் உட்கார இடம் இருக்காது. அன்றைக்கு ஈ கூட வரவில்லை.

"என்னய்யா நடக்குது அங்க?" என்றான் லாம்ப்ரோஸ்.

"உங்க அண்ணன் சினிமா ஓடுது," என்றார் கோஸ்மாஸ். "ஹவுஸ்ஃபுல்."

அந்த நேரம் பார்த்து ஒரு டச்சுக்கார அம்மாள் கண்ணைத் துடைத்துக்கொண்டே கடைக்கு வந்து தண்ணீர் கேட்டாள். கோயிலுக்குள் மேசையருகே நின்று ஐந்து நிமிஷம் அழுதிருக்கிறாள். லாம்ப்ரோஸுக்கு ஆங்கிலம் தெரியும்.

"எவ்வளவு நல்ல முகம்!" என்றாள் அவள். "செத்தும் இத்தனை பேருக்கு இனிப்புக் கொடுக்கிறாரே. இந்த ஊரே அவரை ரொம்ப நேசிச்சிருக்கும், இல்லையா?"

லாம்ப்ரோஸ் கையிலிருந்த தண்ணீர்க் குவளை மேசைமேல் டக்கென்று இறங்கியது. நாலு வழக்கு, இருபத்திரண்டு பெரிய வெள்ளிக்கிழமைகள், ஒரு தர்பூசணித் தோல், எல்லாம் சேர்ந்து அவன் தலைக்கு ஏறின.

"நேசமா? யாரை? அவனையா?"

இடுப்பில் கட்டிய துணியோடு சதுக்கத்தைக் கடந்தான். கூட்டத்தை விலக்கிக்கொண்டு முற்றத்தில் நுழைந்தான். கிரேக்கத்திலும் ஆங்கிலத்திலும் மாற்றி மாற்றிக் கத்தினான்.

"யாரும் சாப்பிடாதீங்க! இவன் யாரு தெரியுமா? ஏசுவோட பாடைக்கே வழி விடாத பய! சித்தப்பா பிள்ளைன்னுகூடப் பார்க்காம என்னை நாலு தடவை கோர்ட்டுல நிறுத்தி... இந்த மாதிரி ஒரு கேடுகெட்ட..."

செவஸ்தி, வரிசையில் அடுத்த ஆள் அவன்தான் என்பதுபோல ஒரு பொட்டலத்தை நீட்டினாள்.

லாம்ப்ரோஸின் வலது கை தானாக நீண்டு அதை வாங்கியது. ஐம்பது வருஷமாக எத்தனை சாவுக்கு வாங்கிய கை! இடது கை தானாகத் தொப்பியைக் கழற்றியது. வாய் தானாகத் திறந்தது.

"ஆண்டவன் அவரை மன்னிக்கட்டும்."

தன் வாயிலிருந்து வந்தது தன் காதிலேயே விழுந்ததும் லாம்ப்ரோஸ் முகம் தக்காளியாகச் சிவந்தது. டச்சுக்கார அம்மாள் கை தட்டினாள். அவளுக்கு இதுவும் சடங்கின் ஒரு பகுதி.

"நான் சொல்லல!" என்றான் லாம்ப்ரோஸ். "வாய் சொல்லிடுச்சு! ஃபாதர், இது செல்லாது!"

"மேல வாயைத்தான்யா கேப்பாங்க," என்றார் பாதிரியார். "ஊர்க்காரன் வாய், ஞானஸ்நானம் வாங்கின வாய். முதல் தரம். சாப்பிடு."

கடை வாசலில் கோஸ்மாஸ் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். சிரித்த சிரிப்பில் பக்கத்தில் வந்து பார்க்க ஆசை வந்துவிட்டது. வந்தார். "மாட்டினியா லாம்ப்ரோஸ்! இருபத்திரெண்டு வருஷத்து வைராக்கியம் ஒரு பொட்டலத்துல போச்சே!" என்று சொல்லி முடிப்பதற்குள் அவர் கையிலும் ஒன்று விழுந்தது. "ஆண்டவன் அவரை மன்..." என்றவர் பாதியில் வாயைப் பொத்தினார். மீதிப் பாதி விரலிடுக்கு வழியாக வந்துவிட்டது.

அதற்குமேல் அணை நிற்கவில்லை. கோஸ்மாஸைக் கேலி செய்ய ஒருவன் வந்தான். அவனை இழுத்துப் போக அவன் பெண்டாட்டி வந்தாள். கடைக்காரி, அந்தக் கோதுமை ஐந்து கிலோவும் என்ன ஆயிற்று என்று பார்க்க வந்தாள். வெளியூரான் அத்தனை பேரும் தின்கிற நம் ஊர்ப் பலகாரம் நமக்கு இல்லையா என்ற பொறாமையில் நாலு வீட்டுப் பெண்கள் வந்தார்கள். வந்த கை ஒவ்வொன்றும் நீண்டது. நீண்டதும் வாய் சொன்னது. சாவு வீட்டில் கொடுத்ததை வாங்கிவிட்டு வாயை மூடிக்கொண்டு போக ஸ்கிந்தாராவில் யாரும் கற்றுக்கொள்ளவில்லை. அது ஒன்றுதான் ஸ்டமாடிஸ் கணக்கில் விட்ட ஓட்டை.

தட்டில் ஒரு கரண்டி மிச்சம் இருந்தபோது செவஸ்தி நிறுத்தினாள்.

"ஃபாதர், போயிட்டாரா?"

பாதிரியார் வானத்தைப் பார்த்தார், கூட்டத்தைப் பார்த்தார். "இத்தனை பேரு சொன்ன பிறகும் போகலைன்னா அவனைச் சாத்தான்கூடச் சேர்த்துக்க மாட்டான். போயிருப்பான்மா."

செவஸ்தி தன் கழுத்திலிருந்து சாவியை எடுத்தாள். அடக்கத்துக்கு முன் அவன் கழுத்திலிருந்து கழற்றிய அதே கயிறு. மேட்டுப் பாதையில் நடந்தாள். பின்னால் ஊர், ஊருக்குப் பின்னால் அறுபத்திநாலு தொப்பிகள். "முதலாவது இடத்துக்குப் போறோம்," என்று டனாயி குடையை உயர்த்தினாள்.

பூட்டு துருப்பிடித்திருந்தது. கோஸ்மாஸ் ஓடிப்போய்ச் செவஸ்தியின் சமையலறையிலிருந்து ஆலிவ் எண்ணெய் கொண்டுவந்து விட்டார். மூன்றாவது முயற்சியில் சாவி திரும்பியது. கேட் கத்திக்கொண்டே திறந்தது.

அந்தப் பக்கம் பாதையே இல்லை. இடுப்பளவு முள். செவஸ்தி எந்தப் பக்கம் காலை வைப்பது என்று தெரியாமல் நின்றாள்.

"என்ன அண்ணி நிக்கறீங்க?" என்றான் லாம்ப்ரோஸ், இன்னும் கோபம் தணியாமல். "நீங்க தினமும் போற வழிதானே?"

"இருபத்திரெண்டு வருஷமா நானும் கேட்டுக்கு உங்க பக்கம்தான் தம்பி நின்னேன்," என்றாள் செவஸ்தி. "சாவி அவரு கழுத்துல இருந்துச்சு."

லாம்ப்ரோஸ் ஏதோ சொல்ல வாயெடுத்தான். இந்தத் தடவை வாய்க்குத் தானாக எதுவும் வரவில்லை. இடுப்புத் துணியை அவிழ்த்துக் கையில் சுற்றிக்கொண்டு முன்னால் போய் முள்ளை ஒடிக்க ஆரம்பித்தான். கோஸ்மாஸும் போனார். இருபத்திரண்டு வருஷமாகச் செவஸ்தியைப் பார்த்தால் எதிர்ப்பக்கம் போன பெண்கள், கூச்சத்தோடு அவள் பின்னால் வந்து நின்றார்கள். அவளுக்கு அழுகை வந்தது. அழுதால் புருஷனுக்காக அழுகிறாள் என்று நினைத்துவிடுவார்கள் என்பதால் அடக்கிக்கொண்டாள்.

மணல் அப்படியே இருந்தது. அவள் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு, கறுப்புத் துக்க உடையோடு தண்ணீரில் இறங்கினாள். முழங்கால், இடுப்பு, மார்பு. பாவாடை கறுப்புக் குடையாக மேலே மிதந்தது. தலை உள்ளே போய்க் கொஞ்ச நேரம் கழித்து வெளியே வந்தது. கரையில் அறுபத்திநாலு போன்கள் உயர்ந்திருந்தன. எட்டாவது இடம் என்று யாரும் எழுதி வைக்காத குறை.

அவள் கரையேறியபோது யெராஸிமோஸ் பாதிரியார் கடைசிப் பொட்டலத்தோடு நின்றார்.

"ஊரே சொல்லிடுச்சு. உன் வாயாலதான் இன்னும் சொல்லல. உன் பங்கு, இந்தா. சொல்லிட்டுச் சாப்பிடும்மா."

ஊர் சுற்றி நின்று பார்த்தது. செவஸ்தியின் ஈரக் கை பொட்டலத்தை வாங்கியது. பிரித்தாள். முழுவதையும் வாயில் போட்டு நிதானமாக மென்றாள். கோதுமை, பட்டை, ஒரு திராட்சை. விழுங்கினாள். வாய் ஒன்றும் சொல்லவில்லை.

"சொல்லும்மா," என்றார் பாதிரியார்.

அந்த நேரம் டச்சுக்கார அம்மாள் டனாயியின் தோளைத் தட்டி ஏதோ கேட்டாள்.

"அடுத்த சடங்கு எப்பன்னு கேக்கறாங்க அத்தை. அவங்க தங்கச்சியையும் கூட்டிட்டு வரணுமாம்."

செவஸ்தி பாவாடையைப் பிழிந்தாள். தண்ணீர் மணலில் ஓடியது.

"மூணாம் மாசம் இருக்கு, ஆறாம் மாசம் இருக்கு, ஒம்பதாம் மாசம் இருக்கு. அப்புறம் வருஷம்," என்றாள். "எல்லாத்துக்கும் வரச் சொல்லு. நான் எதுல சொல்லுவேன்னு இன்னும் முடிவு பண்ணல. அதுவரைக்கும் அவரு மேல வாசல்ல நிக்கட்டும் ஃபாதர். நானும் நின்னவதான்."

சொல்லிவிட்டு மறுபடி கடலில் இறங்கினாள்.